ரிங் நெக் டவ் ஜோடிக்கு ஹாலில் கூண்டு: அளவு, வலை, பூனை, சாம்பிராணி

மூணாவதுமாடி (அஸ்தம்பட்டி)

எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பா குடும்பம் ஓசூருக்கு மாறிப் போறாங்க. அவங்க வளர்த்த ரிங் நெக் டவ் (கூண்டுல வளர்க்குற ஒரு புறா வகை) ஜோடி எங்க வீட்டுக்கு வருது. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சந்தன நிறம். கூடவே வர்ற கூண்டு கடையில விக்கிற லவ் பேர்ட்ஸ் கூண்டு, ஒண்ணரை அடிக்கு ஒரு அடி. ரெக்கையை விரிச்சா கம்பியில இடிக்குது. அதனால புதுசா அடிக்கணும்.

நிலவரம் இதான்: மூணாவது மாடி, வாடகை வீடு. பால்கனியில வெச்சா பக்கத்து வீட்டுப் பூனை சன்ஷேடு மேலேயே நடந்து வந்துடும். ஹாலுக்குள்ளதான் வைக்கணும். டிவிக்கு எதிர் சுவத்துல ஆறடி காலியா இருக்கு. ஆசாரி ஒருத்தர், "ரெண்டடி அகலம், ஆறடி உயரம், மேல கூம்பு வெச்சு அடிச்சா ஹாலுக்கே ஒரு அழகு வரும்"னு சொல்றார். வீட்ல எல்லாருக்கும் அது பிடிச்சுப்போச்சு. நான்தான் கேட்டுட்டுச் சொல்றேன்னு நிறுத்தி வெச்சிருக்கேன்.

ஜிஐ (முலாம் பூசின இரும்பு) வலையா, எஸ்எஸ்ஸா (எவர்சில்வர்)? மரச்சட்டமா, இரும்பா? ஹால்ல ஃபேன் நிக்காம ஓடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி உண்டு. இதெல்லாம் பிரச்சனையா?

குகைப்புறா (குகை)

கூம்பு யோசனையை முதல்ல விடுங்க. ஆறடி உயரம் டவ்வுக்கு வீண். வீண் மட்டுமில்ல, ஆபத்தும் கூட.

டவ் தரையில மேயுற பறவை. பயந்துச்சுன்னா பக்கவாட்டுல ஓடாது, நின்ன இடத்துலேருந்து நேரா மேலதான் கிளம்பும். வெளியில இருந்தா அது தப்பிக்கிற வழி. கூண்டுக்குள்ள அதே வேகத்துல போய் மேல்கம்பியில மண்டையை முட்டும். மேல எவ்வளவு இடம் விடுறீங்களோ அவ்வளவு வேகம் எடுக்கும். நெத்தித்தோல் உரிஞ்சு ரத்தத்தோட நிக்கிற டவ்வைப் பார்த்தா பெரும்பாலும் ராத்திரி நடந்த கதையாத்தான் இருக்கும். கரண்ட் போச்சு, பல்லி விழுந்துச்சு, தெருவுல யாரோ சரவெடி வெச்சாங்க. எங்க பக்கம் ஆடிப் பண்டிகை வந்தா வண்டி வேடிக்கை முடியுற வரைக்கும் புறா வெச்சிருக்கிறவன் எவனும் நிம்மதியாத் தூங்க மாட்டான்.

இன்னொண்ணு, கிளி மாதிரி அலகால கம்பியைக் கவ்வி ஏறுற வேலையெல்லாம் இதுக்குத் தெரியாது. நடக்கும், பறக்கும். ரெண்டுக்கும் வேண்டியது நீளம். ரிங் நெக் ரெக்கையை விரிச்சா ஒண்ணரை அடி வரும். உள்ள திரும்பணும்னா ஆழம் ரெண்டடிக்குக் குறையக் கூடாது. ஆறடி சுவர் இருக்குங்கறீங்க, அதைப் படுக்கை வாட்டத்துல எடுத்துக்கங்க. 5 அடி நீளம், 2 அடி ஆழம், 3 அடி உயரம். கால் ரெண்டரை அடிக்கு வைங்க. தரையில வெச்சா நம்ம காலைப் பார்த்தே அரண்டுகிட்டு இருக்கும்.

மேல்பக்கம் வெறும் கம்பியா விடாதீங்க. கூரைக்கு ரெண்டு இஞ்ச் கீழே காடாத்துணி ஒண்ணை இழுத்துக் கட்டிடுங்க. முட்டினாலும் துணி வாங்கிக்கும். ராத்திரிக்கு ஒரு ஜீரோ வாட் பல்பு, இன்வெர்ட்டர்ல. இருட்டுல கிளம்பின டவ்வுக்குத் திரும்ப எங்க உக்காரணும்னே தெரியாது.

சும்மாவந்தேன் (சூரமங்கலம்)

எங்க தாத்தா மூங்கில் கூடையில பத்துப் பதினஞ்சு புறா வெச்சிருந்தார். ஒண்ணும் ஆகலை. ஒரு ஜோடிக்கு அஞ்சடி கூண்டு, மெத்தை, நைட் லேம்ப். நாளைக்கு ஏசியும் கேப்பீங்க போல.

குகைப்புறா

உங்க தாத்தா வளர்த்தது மாடப்புறா. ராத்திரி மட்டும் கூடையில அடைஞ்சிருக்கும், விடிஞ்சா திறந்து விடுவார், ஊரெல்லாம் சுத்திட்டுச் சாயங்காலம் வீடு வந்து சேரும். ரிங் நெக் அப்படி இல்லைங்க. பல தலைமுறையாக் கூண்டுலயே பொறந்து வளர்ந்தது. வெளிய விட்டா திரும்பி வர வழி தெரியாது, வல்லூறைப் பார்த்தா ஒளியவும் தெரியாது. அதுக்கு உலகமே அந்தக் கூண்டுதான். கூடை கணக்கு இதுக்குச் செல்லாது.

மலைப்பறவை (கன்னங்குறிச்சி)

சம்பந்தப்பட்ட விஷயம்தான் என்பதால் குறுக்கிடுகிறேன். வீட்டில் வளர்க்கும் ரிங் நெக் டவ், ஆப்பிரிக்கக் கழுத்துப்பட்டைப் புறாவின் வழிவந்தது. நம் காடுகளிலும் வயல் ஓரங்களிலும் இருக்கும் கள்ளிப்புறா பார்ப்பதற்கு ஏறக்குறைய அதே சாயல். சந்தன நிறப் பறவையைக் காட்டி அதை இதுவென்றும் இதை அதுவென்றும் விற்பவர்கள் உண்டு. கள்ளிப்புறா, புள்ளிப்புறா, தவிட்டுப்புறா எதையும் பிடித்தோ வாங்கியோ வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 2022இல் திருத்தப்பட்ட பிறகும், இவற்றைப் பாதுகாக்கிறது. நம் மாநிலப் பறவையான மரகதப்புறாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி.

உங்கள் ஜோடியில் ஒன்று வெள்ளை என்கிறீர்கள், அது வளர்ப்பு வகைதான். மற்றதன் குரலைக் கவனியுங்கள். வந்து உட்கார்ந்தவுடன் "ஹெ ஹெ ஹெ" என்று சிரிப்பதுபோல் ஒரு ஒலி எழுப்பினால் அதுவும் வளர்ப்பு ரிங் நெக்தான்.

மூணாவதுமாடி

சிரிக்குது சார், நல்லாவே சிரிக்குது. சித்தி அதை "வில்லன்"னுதான் கூப்பிடுவாங்க.

கஞ்சமலைஅடிவாரம் (இரும்பாலை)

வலை பத்தி யாரும் சொல்லலை, நான் சொல்றேன்.

ஜிஐ வலைன்னா இரும்புக் கம்பி மேல துத்தநாகப் பூச்சு. பறவைக்குத் துத்தநாகம் உள்ள போனா விஷம். டவ் கம்பியைக் கடிக்காதே, அப்புறம் என்னன்னு கேப்பாங்க. கடிக்காதுதான். ஆனா தானியத்தை முழுசா முழுங்குற பறவை, அரைபடுறதுக்குச் சின்னக் கல்லு பொறுக்கும். மினுங்குற துணுக்கு எது கிடந்தாலும் கல்லுன்னு நெனச்சு எடுத்துக்கும். அது இரைப்பையில தங்கி அமிலத்துல கரைஞ்சுகிட்டே இருக்கும். வலை வெட்டும்போது சிதர்ற கம்பி முனைதான் முழுக்கூண்டையும் விட ஆபத்து. அதனால வெட்டுற வேலையை வீட்டுக்குள்ள வெச்சுக்காதீங்க. ஜிஐ துணுக்கைக் காந்தத்தை வெச்சுத் துழாவிப் பொறுக்கிடலாம். எஸ்எஸ் துணுக்கு காந்தத்துல சரியா ஒட்டாது, அதைக் கண்ணாலதான் தேடணும்.

ஜிஐதான் வாங்குறதுன்னா வெல்டிங் பண்ணின பிறகு முலாம் பூசினதைக் கேளுங்க. அதுல மூட்டுல மூட்டுல சொட்டு சொட்டா நிக்கும், அந்தச் சொட்டைக் கம்பி பிரஷ்ஷால உதிர்த்துட்டு, வினிகர் தேய்ச்சு, தண்ணி ஊத்திக் கழுவி, வெயில்ல காயப் போடுங்க. வெள்ளைப் பொடி பூத்திருந்தா அந்தச் சுருளே வேண்டாம்.

எஸ்எஸ் வலைன்னா இந்தக் கவலையே இல்லை. கடைக்காரர் காந்தம் வெச்சுக் காட்டி "ஒட்டலை பாருங்க, 304 தரம்"பார். நம்பாதீங்க. 202ங்கற தரமும் காந்தத்துல ஒட்டாது. நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் சேர்த்தது அது. இன்னொரு பக்கம், நல்ல 304 கூட இழுத்த கம்பியா இருந்தா லேசா ஒட்டும். காந்தம் ரெண்டையும் பிரிச்சுக் காட்டாது, பில்லுல தரம் எழுதி வாங்குறதுதான் வழி. ஆனா வீட்டுக்குள்ள வைக்கிற கூண்டுக்கு 202 போதும்ங்கறது என் கருத்து. எச்சம் பட்ட இடத்தைத் துடைச்சுகிட்டு இருந்தா வருஷக்கணக்கா நிக்கும்.

கண்ணி அரை இஞ்சுக்கு அரை இஞ்ச். ரிங் நெக்குக்கு ஒரு இஞ்ச் கண்ணி கூடப் போதும், ஆனா எலிக்கு அது ராஜபாட்டை. அரை இஞ்சுலயும் சுண்டெலி நுழையும். அதனால ராத்திரி தீனிக் கிண்ணத்தை வெளிய எடுத்துடுங்க.

சும்மாவந்தேன்

எங்க வீட்ல அலுமினிய செக்‌ஷன்ல கொசுவலை போட்டு ஜன்னல் அடிச்ச ஆள் இருக்கார். அதே மாதிரி நைலான் வலையில கூண்டு அடிச்சா செலவு பாதிதானே?

கஞ்சமலைஅடிவாரம்

பூனை ஒரு கீறு கீறினா நைலான் கிழிஞ்சுடும். நகம் மாட்டினா புறா தொங்கும்.

தறிச்சத்தம் (அம்மாபேட்டை)

நைலான், நூல்னு பேச்சு வந்ததால சொல்றேன். எங்க வீட்ல தறி இருக்கு. எங்க தெருவுல சுத்துற புறாவுல விரல் இல்லாத புறா நிறைய. காரணம் நூல். தரையில கிடக்குற கழிவு நூல் கால்ல சுத்தும், புறா நடக்க நடக்க இறுகும், ரத்த ஓட்டம் நின்னு விரல் கறுத்து விழுந்துடும். பட்டு இழை, ஜரிகை, பாலியஸ்டர் எல்லாமே இப்படித்தான். தலைமுடியும் இதே வேலையைச் செய்யும்.

வீட்டுக்குள்ள வளர்க்குற டவ் இன்னும் மோசம். பெட்டை முட்டை வைக்கிற நேரம் ஆண் கண்ணுல படுற நாரையெல்லாம் கொண்டுவந்து கொடுக்கும். தையல் மெஷின் இருக்குற வீடுன்னா கேக்கவே வேணாம். கூடு கட்டத் துடைப்பக் குச்சி, வேப்பங்குச்சி, காஞ்ச அறுகம்புல்லு போடுங்க. நூல், சணல், பஞ்சு வேண்டாம்.

குகை அண்ணன் சொன்ன காடாத்துணி சரிதான். ஆனா வெட்டின ஓரத்தை அப்படியே விட்டா இழை பிரியும். நாலு பக்கமும் மடிச்சு ரெட்டைத் தையல் போட்டுத்தான் கட்டணும். வாரம் ஒருக்கா ரெண்டோட காலையும் பாருங்க. சுத்தின நூலை முதல் நாளே பார்த்துட்டா சின்னக் கத்தரிக்கோலாலயே எடுத்துடலாம்.

குகைப்புறா

ரெட்டைத் தையல், நல்ல யோசனை தம்பி. இதை நான் சொல்லியிருக்கணும்.

காப்பிக்கொட்டை (ஏற்காடு)

இந்தப் பேச்சை மலைக்கும் கொஞ்சம் கொண்டு வாங்க. கீழே சேலத்துல வெயில் உங்களுக்குப் பிரச்சனை, இங்க ஈரம். ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். மழைக்காலத்துல மூடுபனி ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளேயே வந்து உக்காந்துடும். நான் வெச்சிருக்கிறது டைமண்ட் டவ், உங்க ரிங் நெக்கை விட ரொம்பப் பொடிசு. ஆஸ்திரேலியாவுல வறண்ட பூமியில வாழ்ற ஜாதி அது. ஈரமும் குளிரும் அதுக்கு ஆகவே ஆகாது.

இங்க பிளைவுட் கூண்டு ஒரு மழைக்குத் தாங்காது, ஊறி உப்பிடும். வெளிச்சுவரை ஒட்டிக் கூண்டை வைக்கக் கூடாது, சுவரே வேர்க்கும். உள்சுவர்ப் பக்கம், அதுவும் சுவர்லேருந்து ஒரு சாண் தள்ளி. தானியம் பூசணம் பிடிச்சா புறாவுக்கு நேரா ஈரல்ல கைவைக்கும். அதனால தினையும் சாமையும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வாங்குறது, மூடி இறுகின எவர்சில்வர் டப்பாவுல. நாத்தம் லேசா மாறினாலும் வெளிய கொட்டிடுவேன். தென்னை நார்க்கழிவைத் தட்டுல பரப்புறாங்களே, இங்க அது பூசணத்துக்கு விதை போட்ட மாதிரி. செய்தித்தாள்தான் நல்லது, தினமும் மாத்தலாம், எச்சம் தண்ணியாப் போகுதா பச்சையாப் போகுதான்னு பார்க்கவும் முடியும்.

உக்கார்ற குச்சிக்குக் காப்பித் தோட்டத்துலேருந்து கிளை வெட்டாதீங்கன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்றது உண்டு. துரு நோய்க்குப் போர்டோ கலவை அடிப்பாங்க, மயில்துத்தம் கிளையெல்லாம் படிஞ்சிருக்கும். வீட்டுக் கொய்யா மரத்துக் கிளைதான் உத்தமம். பட்டையோட போடுங்க. தடிமன் ஒரே சீரா இல்லாததுதான் காலுக்கு நல்லது. கடைக்கூண்டுல வர்ற பிளாஸ்டிக் குச்சி எல்லாத்தையும் வீசிடுங்க.

மலையில இன்னொரு எதிரி குரங்கு. தாழ்ப்பாளைத் திறக்கிறதுல மனுஷனுக்குச் சளைச்சதில்லை. எங்க வீட்ல கூண்டுக் கதவுக்குப் பூட்டே போட்டிருக்கோம், சாவி ஆணியில தொங்குது. அந்தச் சாவியையும் ஒருநாள் எடுக்கும்னுதான் நெனைக்கிறேன்.

மூணாவதுமாடி

இவ்வளவு வரும்னு நெனைக்கலை, எல்லாருக்கும் நன்றி. கூம்புக்கு வீட்ல கொஞ்சம் சண்டை நடந்துச்சு, ஆனா படுக்கைக் கூண்டுக்கு ஒத்துக்கிட்டாங்க. இப்ப மிச்சம் இருக்கிறது ஃபேனும் சாம்பிராணியும். ஒருநாளைக்கு ஒரு மணி நேரமாவது வெளிய விடணும்னு ஆசை.

குகைப்புறா

வெளிய விடுற நேரம் ஃபேன் நிக்கணும். "மெதுவா வெச்சிருக்கேன்" எல்லாம் கிடையாது, சுவிட்ச் அணைச்சு, இறக்கை முழுசா நின்ன பிறகுதான் கதவைத் திறக்கணும். சேலத்துச் சித்திரை வெயில்ல மறதியா ஒருத்தர் ஃபேனைப் போட்டுடுவாங்க, அதனால சுவிட்ச் மேல ஒரு டேப் ஒட்டிடுங்க. நிலைக்கண்ணாடி, பூட்டின கண்ணாடி ஜன்னல் ரெண்டுக்கும் திரை போடுங்க, கண்ணாடின்னு தெரியாம மோதும். அடுப்பு எரியுற நேரம் வெளிய விடவே கூடாது.

அடுப்புன்னதும் இதைச் சொல்லிடுறேன். உங்க வீட்ல தோசைக்கல்லு நான்ஸ்டிக்கா? அது வெறும் கல்லா அளவுக்கு மேல காஞ்சா வர்ற ஆவி நமக்கு ஒண்ணும் தெரியாது, பக்கத்து அறையில இருக்குற பறவை நிமிஷத்துல செத்து விழும். பறவைக்கு நுரையீரலைத் தாண்டிக் காத்துப்பைகள் வேற இருக்கு, உள்ள இழுக்குற காத்தை நம்மைவிட முழுசா உறிஞ்சும். அதனால நமக்கு லேசான புகைன்னா அதுக்கு லேசு இல்லை. இரும்புக் கல்லுக்கு மாறிடுங்க. தோசையும் நல்லா வரும்.

சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் மூணும் இதே கணக்குதான். கொசுவை விடவும் முடியாது, புறா அம்மையைப் பரப்புறதே கொசுதான். ராத்திரி கூண்டு மேலேயே ஒரு கொசுவலையைப் போர்த்திடுங்க. வெளிப்பக்கம் போர்த்துறதால நகம் மாட்டுற பயமும் இல்லை.

வீட்ல யாருக்காவது இளைப்பு, வீசிங் உண்டா?

மூணாவதுமாடி

மாமியாருக்கு உண்டு. ஏன் கேக்குறீங்க?

குகைப்புறா

அப்ப கூண்டு அடிக்கிறதுக்கு முன்னாடி நெஞ்சு டாக்டரைப் பாருங்க. புறா ஜாதி முழுக்க இறகுல ஒரு மாதிரி மாவு உதிரும். ஒருநாள் தடவிட்டுக் கறுப்புச் சட்டையைப் பாருங்க, தெரியும். அந்தத் தூசியும் காஞ்ச எச்சத் தூசியும் சில பேருக்கு நுரையீரல் அழற்சியைக் கொண்டுவரும். ஏற்கெனவே இளைப்பு இருக்கிறவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சும்மாவந்தேன்

இப்பத்தான் உருப்படியான பேச்சு வருது. அந்த அம்மாவுக்கு இளைப்புன்னா புறா வேண்டாம்னு முடிச்சுக்கங்க. கூண்டைப் பத்தி இவ்வளவு பேசினது போதும்.

காப்பிக்கொட்டை

வேண்டாம்னு நாமளே தீர்ப்பு எழுத வேண்டாமே. டாக்டர் சொல்லட்டும். ஆனா சரின்னாலும் சில ஏற்பாடு வேணும். கூண்டு மாமியார் படுக்குற அறையிலயோ வாசல்லயோ இருக்கக் கூடாது. துடைப்பத்தால பெருக்கவே கூடாது, தண்ணி தெளிச்சு ஈரத்துணியால துடைக்கணும், அதுவும் வேற யாராவது. செய்தித்தாளைச் சுருட்டுறதுக்கு முன்னாடி லேசாத் தண்ணி தெளிச்சுட்டா தூசி எழும்பாது. வாரத்துல ரெண்டு மூணு தடவை அகலத் தட்டுல தண்ணி வெச்சு டவ்வைக் குளிக்க விடுங்க, மாவு பாதி தண்ணியிலயே போயிடும். டைமண்ட் டவ்வுக்கு மாவு கொஞ்சம் கம்மி, ஆனா உங்ககிட்ட வர்றது ரிங் நெக்.

மூணாவதுமாடி

டாக்டரைப் பார்த்துட்டு வந்தாச்சு. ஹால்ல, ஜன்னல் பக்கமா, காத்து வெளிய போற மாதிரி வெச்சு, மாமியார் சுத்தம் பண்ற வேலையில கை வைக்காம, கொஞ்ச நாள் பார்க்கலாம்னார். இருமல் கூடினா உடனே பறவையை வேற வீட்டுக்குக் கொடுத்துடணும்னும் சொன்னார். சித்தப்பாகிட்டயும் சொல்லி வெச்சுட்டேன். அங்கேயே சாம்பிராணிப் பேச்சும் வந்துச்சு. அந்தப் புகையையும் நிறுத்தச் சொல்லி அவர் முன்னாடியே சொல்லியிருக்கார் போல, மாமியார் எங்க யார்கிட்டயும் மூச்சு விடலை! "புறாவுக்காக நிறுத்திக்கிறேன்"னு இப்ப பெருந்தன்மையா ஒத்துக்கிட்டாங்க.

லீபஜார்தராசு (செவ்வாய்ப்பேட்டை)

தீனி பத்தி ரெண்டு வரி. ரிங் நெக்குக்குக் கம்பு, சின்னச் சோளம், கோதுமை, தினை, கொஞ்சம் பச்சைப்பயறு கலந்து வைங்க. சூரியகாந்தி விதை கொழுப்பு, வேண்டாம். விதைக்குன்னு மருந்து தடவி வர்ற தானியம் கலர் ஏத்தியிருக்கும், தெரியாம வாங்கிடாதீங்க. கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்துல எப்பவும் இருக்கட்டும், பெட்டைக்கு அது இல்லைன்னா முட்டை உள்ளேயே மாட்டிக்கும்.

மலைப்பறவை

சுண்ணாம்புச் சத்து உடலில் சேர வெயில் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் கூண்டுக்கு அழகாக இருக்கும், ஆனால் வைட்டமின் டி3 உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை வெயிலில் சிறிது நேரம் பழைய கடைக்கூண்டில் வைத்துப் பால்கனிக்குக் கொண்டுபோங்கள். அந்தக் கூண்டை எறிய வேண்டாம், இதற்கும் மருத்துவரிடம் கொண்டுசெல்வதற்கும் பயன்படும். பாதி நிழலாக இருக்கட்டும். அங்கிருந்து நகராதீர்கள், பூனையும் காகமும் வல்லூறும் அந்தச் சிறிது நேரத்துக்காகத்தான் காத்திருக்கும்.

பூனை கம்பி வழியே ஒரு நகம் போட்டாலும் காயம் சிறிதென்று விட்டுவிடாதீர்கள். அதன் வாயிலும் நகத்திலும் உள்ள கிருமி பறவையின் ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் முடிந்துவிடும், அன்றைக்கே மருந்து வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு ஐம்பது கிலோமீட்டர்தான், பறவை தெரிந்தவர்கள் அங்கே உண்டு.

தறிச்சத்தம்

ஒரு சந்தேகம். இது ஜோடின்னு யார் சொன்னது? ரிங் நெக்ல ஆணும் பெட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

குகைப்புறா

சரியான கேள்வி. ரெண்டும் ஆணா இருந்தா சாதுன்னு பேரு வாங்கின பறவை ஒண்ணு மத்ததோட மண்டையைக் கொத்திக் கொத்தித் தோலை உரிச்சுடும். சின்னக் கூண்டுல ஓடவும் இடம் இருக்காது. முட்டை பார்த்தாத் தெரிஞ்சுடும். ஒரு ஈட்டுக்கு ரெண்டுதான். நாலு கிடந்தா ரெண்டும் பெட்டை.

எதுக்கும் நடுவுல ஒரு தடுப்பு இறக்குற மாதிரி மேலேயும் கீழேயும் ஒரு சேனல் வெச்சு அடிக்கச் சொல்லுங்க. சண்டைன்னா தடுப்பைத் தள்ளிடலாம், நோய்னாலும் உதவும். சித்தப்பா வீட்ல முட்டை வெச்சிருக்கான்னும் கேட்டுப் பாருங்க.

மூணாவதுமாடி

ரெண்டு ரெண்டாத்தான் வைக்குதாம், ஆனா பொரிக்கலையாம். குஞ்சு எங்களுக்கும் வேண்டாம்.

குகைப்புறா

அப்ப முட்டையை எடுத்துக் கீழ போட்டுடாதீங்க, எடுத்தா உடனே அடுத்த ஈடு வெச்சு உடம்பு கரைஞ்சுடும். பிளாஸ்டிக் முட்டை ரெண்டை மாத்தி வைங்க. ரெண்டு வாரத்துக்கு மேலேயே உக்காந்து பார்த்துட்டு அதுவா எழுந்துரும்.

மூணாவதுமாடி

இதுவரைக்கும் வந்ததை வெச்சு ஒரு படம் போட்டு வெச்சிருக்கேன். தப்பு இருந்தா சொல்லுங்க.

5க்கு 2க்கு 3. முக்கால் இஞ்ச் சதுரக் குழாய்ச் சட்டம், பவுடர் கோட்டிங். பின்பக்கம் வலை இல்லாம மூடின பலகை, அப்பத்தான் அதுங்களுக்கு முதுகுப் பக்கம் பயம் இருக்காதுன்னு தோணுது. மேல பலகை, அதுக்குக் கீழ ரெட்டைத் தையல் துணி. முன்பக்கமும் ரெண்டு பக்கமும் எஸ்எஸ் வலை. கொய்யாக்கிளை ரெண்டு முனையில ஒவ்வொண்ணு, ஒரே உயரத்துல. நடுவுல எதுவும் இல்லை, பறக்கட்டும். கிளைக்கும் சுவருக்கும் நடுவுல வால் உரசாத அளவு இடம். தீனி, தண்ணி கிளைக்கு நேர் கீழ வராது. தரையில வலை கிடையாது, தட்டு மேலேயே நடக்கும். கால்ல பிரேக் வெச்ச சக்கரம். முன்னாடி பெரிய கதவு ஒண்ணு, ரெண்டு ஓரத்துலயும் கை நுழையுற சின்னக் கதவு.

கஞ்சமலைஅடிவாரம்

வலைச்சுருள் 3 அடி அகலத்துலயே வரும். உங்க உயரமும் 3 அடி. பக்கம் 2, முன்பக்கம் 5, மறு பக்கம் 2, ஆக 9 அடி நீளத்தை ஒரே துண்டா எடுத்து மூலையில மடக்கிடுங்க. மூலையில வெட்டு முனையே இருக்காது, துணுக்கும் குறையும். கதவுக்கு மட்டும் வெட்டினாப் போதும்.

வெல்டிங்பட்டறை (கொண்டலாம்பட்டி)

படம் நல்லா இருக்குங்க. பட்டறையில நாங்க பார்க்குற ரெண்டு மூணு விஷயம் மட்டும் சொல்றேன்.

கதவு கடைக்கூண்டு மாதிரி மேல தூக்குறதா வைக்காதீங்க. பூனை கூடத் தூக்கிடும், கைதவறி விழுந்தா புறாக் கழுத்துல விழும். கீல் வெச்ச கதவு, சின்னக் கதவு உள்பக்கமாத் திறக்கணும். நம்ம கை உள்ள போகும்போது புறா முட்டினா கதவு தானாச் சாத்திக்கும். கொண்டி ரெண்டு போடுங்க, மேல ஒண்ணு கீழ ஒண்ணு.

வலை முனையைச் சட்டத்துக்கு வெளிப்பக்கம் வெச்சு மேல ஒரு பட்டை அடிச்சு மூடிடணும். உள்பக்கம் ஒரு முனை கூட நீட்டிகிட்டு இருக்கக் கூடாது. வேலை முடிஞ்சதும் பழைய நைலான் சாக்ஸைக் கையில மாட்டிகிட்டு உள்ள முழுக்கத் தடவுங்க, எங்க மாட்டுதோ அங்க அரம் போடணும். பவுடர் கோட்டிங் ஆனதும் வாசனை போற வரைக்கும் மொட்டை மாடியில காயட்டும், உடனே பறவையை விடாதீங்க.

தட்டை நீங்க எந்தப் பக்கம் இழுக்கப் போறீங்கன்னு படத்துல இல்லை. பக்கவாட்டுல இழுக்குற மாதிரி 5 அடித் தட்டு ஒண்ணு போட்டா, இழுக்கப் பக்கத்துல இன்னொரு 5 அடி வேணும். உங்க சுவரே 6 அடிதான். ரெண்டரை அடித் தட்டா ரெண்டு போட்டு முன்பக்கம் இழுங்க. தடுப்பு இறக்கினாலும் அந்தந்தப் பாதிக்கு அந்தந்தத் தட்டு வரும். தட்டு வெளிய வந்ததும் அந்த இடைவெளி வழியா டவ் ஓடிடும், அதனால அங்க மேலேருந்து தொங்குற ஒரு தகட்டுக் கதவு வைக்கணும். அந்தத் தகடு அளவு எழுதிக்கங்க: உயரம் தட்டோட உயரத்தை விட அரை இஞ்ச் கூட.